கீழ் வரிசை ட்யூப்

சித்த தள்ளி உக்காருங்க, இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன். கனமில்லீங்க. ஒரு தேங்காய், ஒரு சீப்புப் பழம், சூடம், அப்புறம் ஒரு டார்ச் லைட். டார்ச் எதுக்குன்னு பாக்கறீங்களா? அது தொழில் சாமானுங்க. கோயிலுக்குப் போனாலும் பையில கெடக்கும், எழவுக்குப் போனாலும் கெடக்கும்.

கொடுமுடிங்களா? நானும் கொடுமுடிதான். அப்பச் சரி, பேச்சுத் துணையாச்சு. முன்னாடி ஜன்னலோரம் உக்காந்திருக்கறது உங்க வீட்டம்மாங்களா? நாலு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க, அதான் கேட்டேன். இருமறாங்களே, எத்தனை நாளா? ரெண்டு மாசமாவா? ஓ, அந்தத் துணிப்பையில இருக்கறது எக்ஸ்ரே கவருங்களா. ஈரோட்டுல எடுத்துட்டு வர்றீங்க. நார்மல்னு எழுதியிருக்குதா? சந்தோசம்ங்க. நார்மல்னா சந்தோசப்படோணும். நாங்களும் சந்தோசப்பட்டோம்.

இல்லீங்க, ஒண்ணும் இல்ல. சும்மா வாயில வந்துது.

என் பேரு சென்னியப்பன். ஈரோட்டுல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல கடை. மானிட்டர் சர்வீஸ். கம்ப்யூட்டர் பாக்க மாட்டேன், பிரிண்டர் பாக்க மாட்டேன், மானிட்டர் மட்டும்தான். இருவத்தி ரெண்டு வருசமாச்சு. இந்தாங்க, கார்டு வெச்சுக்கங்க. உங்க ஊருப் பக்கம் பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, எங்கயாச்சும் ஸ்கிரீன் இருட்டாகிக் கெடந்தா ஒரு ஃபோன் போடச் சொல்லுங்க. ஸ்கிரீன் கருப்பாப் போச்சுன்னா செத்துப்போச்சுன்னு நெனைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க. அது சாகலீங்க. உள்ள படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். பின்னாடி இருந்து வெளிச்சம் குடுக்கற லைட்டு மட்டும்தான் போயிருக்கும். டார்ச்சை ஸ்கிரீன்மேல இப்படிச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, எழுத்து மங்கலாத் தெரியும். தெரிஞ்சுதுன்னா கோளாறு லைட்டுலதான், ஸ்கிரீன்ல இல்ல. நான் கஸ்டமர் வீட்டுக்குப் போனா மொதல்ல பண்றது அதுதானுங்க. டார்ச்சை அடிச்சுக் காமிச்சா அவங்க ஆச்சரியப்பட்டுப் போயிருவாங்க.

கொடுமுடிக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல. இன்னைக்கு என்ற தம்பிக்கு வருசத் திதிங்க. நாச்சிமுத்து. நாப்பத்தி ஒரு வயசு. அவன் சம்சாரமும் பையனும் ஆத்துல எறங்கித் தர்ப்பணம் குடுக்கறாங்க. என்னையக் கூப்பிடலீங்க. கூடப்பொறந்த அண்ணன், ஒரே அண்ணன், எனக்குத் தாக்கல் சொல்லி விடல. ஒரம்பரை, சொந்தக்காரங்க வழியாத்தான் கேள்விப்பட்டேன். கூப்பிடலைன்னா என்னங்க, போகாம இருந்துர முடியுமா? படித்துறையில ஒரு ஓரமா நின்னுட்டு, அவங்க போனதுக்கப்புறம் ஒரு தேங்காயை ஒடைச்சுட்டு வந்துர்றேன்.

கோகிலான்னு பேரு, தம்பி சம்சாரத்துக்கு. ஒரு வருசமா என்ற கூடப் பேசறதில்ல. பதினாறு வருசம் "மாமா, மாமா"ன்னு கூப்பிட்ட புள்ள. வாசல்ல போய் நின்னா கதவைச் சாத்தறா. கதவைச் சாத்தறதுன்னா படார்னு இல்லீங்க, மெதுவா. படார்னு சாத்துனாக்கூடச் சண்டை போட்டுக்கலாம். மெதுவாச் சாத்துனா என்னங்க பண்றது?

என்ன தப்புப் பண்ணிட்டேன்னு கேளுங்க. கோயமுத்தூருக்குப் போக வேண்டாம்னு சொன்னேன். அவ்வளவுதான். அது ஒரு குத்தமா?

மொதல்ல இருந்து சொல்றேன். தம்பி மில்லுல ஃபிட்டருங்க. பஞ்சு மில்லு. பஞ்சுத் தூசியிலயே இருவது வருசம். இருமல் வரத்தானுங்க செய்யும். மில்லுல வேலை செய்யறவன் இருமலைன்னாத்தான் அதிசயம். போன வருசத்துக்கு மொத வருசம் ஐப்பசியில இருமல் எச்சா ஆயிடுச்சு. கோகிலா பயந்துக்கிட்டா. "மாமா, எங்கயாச்சும் நல்ல எடமாப் பாத்துக் காட்டலாங்களா"ன்னு என்கிட்டத்தான் வந்து கேட்டா. நான் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச ஸ்கேன் சென்டர் இருக்குது, அங்கயே எடுத்துக்கலாம், அங்க மேனேஜர் அம்மா எனக்கு நல்ல பழக்கம், காத்திருக்கவே வேண்டாம்னு. பழக்கம்னா சும்மா இல்ல, அங்க இருக்கற மானிட்டரு எல்லாம் நான்தான் பாக்கறேன்.

போனோம். எடுத்தோம். பேப்பர்ல அச்சடிச்சுக் கவர்ல போட்டு, கூட ஒரு சிடியும் வெச்சுக் குடுத்தாங்க. சாயங்காலம் டாக்டர் வந்து பாத்தாரு. அவரு எங்க ஒருத்தருக்காகவா வர்றாரு? நாப்பது அம்பது பேரோட படத்தை ஒரு மணி நேரத்துல பாக்கோணும். ரிப்போர்ட் வந்துது. நார்மல். மில்லு டாக்டர்கிட்டக் காட்டுனோம், அவரு கவரைப் பிரிக்கக்கூட இல்ல, ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, தூசி அலர்ஜின்னு டானிக் எழுதிக் குடுத்தாரு.

மார்கழியிலயும் இருமல் நிக்கல. கோகிலா வந்து, "கோயமுத்தூர்ல ஒருக்கா காட்டிரலாம் மாமா, எனக்கு மனசு சரியில்ல"ன்னா. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். போட்டேன், இல்லைன்னு சொல்லல. "நார்மல்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறாரு, நீ டாக்டரை விடப் பெரிய ஆளா? இப்பக் கோயமுத்தூருக்குப் போனா அந்த மேனேஜர் அம்மா என்னைய என்ன நெனைக்கும்? நம்ம எடத்துல நம்பிக்கை இல்லாம வெளிய போறாங்கன்னு நெனைக்காதா?"ன்னு கேட்டேன். தம்பியும், "அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும் விடு"ன்னுட்டான். அவன் எப்பவும் அப்படித்தான். நான் சொன்னதுக்கு மறு பேச்சுப் பேச மாட்டான்.

அதைத்தான் இப்ப மனசுல வெச்சுக்கிட்டு இருக்கறா. நான் மார்கழியில போகச் சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பானாம். ஏனுங்க, நான் என்ன டாக்டரா? ரிப்போர்ட்டு நான் எழுதுனனா? எழுதுன டாக்டரு இன்னைக்கும் சாயங்காலமானா வந்து உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கறாரு. அவர்மேல இவளுக்குக் கோவம் இல்ல. என் மேலதான்.

சோலார் ஸ்டாப் தாண்டியாச்சுங்களா? தாண்டியாச்சு. இனிக் காத்து வரும். உங்க வீட்டம்மாவை ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்க, ஆடிக் காத்து இருமலுக்கு ஆகாது.

மில்லு வேலை லீவுன்னா தம்பி நேரா கடைக்குத்தான் வருவான். வீட்டுல கறி எடுத்துச் சமைச்சாலும், தின்னுட்டு இங்க வந்துருவான். ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு நான் பண்றதையே பாத்துட்டு இருப்பான். டார்ச்சு புடிக்கறது அவன்தான். சாய்ச்சுப் புடிக்கறதுக்கு ஒரு கை பதம் இருக்குதுங்க, நேரா அடிச்சா கண்ணாடி கூசும், படம் தெரியாது. அவன் ஃபிட்டரு, கையி ஆடாது. "அண்ணா, வந்துருச்சு பாருங்க, உள்ளதான் இருக்குது"ன்னு ஒவ்வொரு தடவையும் புதுசாப் பாக்கற மாதிரிச் சந்தோசப்படுவான். நாப்பது வயசு ஆம்பளை. எனக்கும் அப்பச் சிரிப்பு வரும்.

அவன் இல்லாம இப்ப டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வேலை செய்யறேன்.

சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன. உங்களுக்கும் என்னையத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது. எறங்குனா அவங்கவங்க வழி.

அந்த வருசமே ஆனி மாசம், அதாவது எக்ஸ்ரே எடுத்ததுக்கு நாலு மாசம் முன்னாடி, ஒரு மத்தியானம் அந்த சென்டர்ல இருந்து மானிட்டர் வந்துது. டாக்டர் உக்காந்து படம் பாக்கற மானிட்டர். ஆன் பண்ணுனா ரெண்டு செகண்ட் பளிச்சுன்னு வரும், அப்புறம் கருப்பு. திருப்பி ஆன் பண்ணுனா மறுபடியும் ரெண்டு செகண்ட். இது எங்களுக்கு அத்துபடியான கோளாறுங்க. தம்பி அன்னைக்கு லீவு. டார்ச்சு அடிச்சான், படம் உள்ள இருந்துது. பிரிச்சுப் பாத்தேன். பழைய மாடல் மானிட்டர்ல பின்னாடி ட்யூப்தான் எரியும், வீட்டு ட்யூப் லைட்டு மாதிரியேதான், ஆனா பேனா ரீஃபில் தண்டிதான் இருக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. வீட்டு ட்யூப் லைட்டு போறதுக்கு முன்னாடி முனை கருத்துப் போயிரும் பாருங்க, அதே மாதிரி கீழ் வரிசை ரெண்டும் முனை கருத்துக் கெடந்துது.

ட்யூப் எரியலைன்னா அந்த ட்யூப் மட்டும்தானே எரியக் கூடாது, எதுக்கு மொத்தமும் அணையுதுன்னு கேப்பீங்க. அது பாதுகாப்புக்கு வெச்சிருக்கறதுங்க. உள்ள ட்யூபுக்குக் கரண்டு குடுக்கற ஒரு போர்டு இருக்கும். ஒரு ட்யூப் எரியலைன்னாலும், என்னமோ கோளாறுன்னு அது எல்லாத்தையும் அணைச்சுரும். ரிப்பேர் பண்ணாம ஓட்டக் கூடாதுன்னு அர்த்தம்.

புது ட்யூப் கையில இல்ல. சென்னையில இருந்து வரோணும், மூணு நாள் ஆகும். மேனேஜர் அம்மா அரை மணிக்கு ஒருக்கா ஃபோன் பண்ணுது. ஆளுங்க உக்காந்திருக்கறாங்க, டாக்டர் அஞ்சு மணிக்கு வந்துருவாரு, எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்கன்னு. அதுக்கு எங்க தொழில்ல ஒரு வழி இருக்குது. ட்யூபைக் கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு ரெசிஸ்டரைக் கட்டி விட்டுட்டா, ட்யூப் எரியுதுன்னு போர்டு நம்பிக்கும். அணைக்காது. எல்லாரும் பண்றதுதானுங்க. ஆனா எல்லாருக்கும் வராது, கணக்குப் பாத்துப் போடோணும், இல்லைன்னா பொகைஞ்சுரும். நான் கட்டுனது ஒண்ணுகூடப் பொகைஞ்சதில்ல.

கட்டிட்டு ஆன் பண்ணேன். நின்னு எரிஞ்சுது. மேல் வெளிச்சத்தைக் கூட்டி வெச்சேன். தம்பி குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணா, கீழ மட்டும் கருக்கலா இருக்குதுங்களே"ன்னான். "அதை யாரு உத்துப் பாக்கப் போறா? மூணு நாளைக்குத்தானே. ட்யூப் வந்ததும் மாத்திக்கலாம்"னு சொன்னேன். அவனே டிவிஎஸ்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தான். அஞ்சு மணிக்கு முன்னாடி குடுத்துட்டான். மேனேஜர் அம்மா ஃபோன் பண்ணி, "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்"னுது. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன்.

ட்யூப் நாலாம் நாள் வந்துது. நான் சென்டருக்கு ஃபோன் பண்ணேன், பண்ணாம இல்ல. "நல்லாத்தான் ஓடுது, இப்பக் கழட்டுனா வேலை கெடும், அப்புறம் பாக்கலாம்"னாங்க. நல்லா ஓடறதைப் போய்ப் பிரிப்பாங்களா யாராச்சும்? பேப்பர்ல சுத்தி மேசை டிராயர்ல வெச்சேன். கெடந்துது. டாக்டரும் ஒண்ணும் சொல்லல. மனுசன் கண்ணு பழகிக்கும் பாருங்க. நாலு நாள் கீழ மங்கலாப் பாத்தா, அப்புறம் அதுதான் சரின்னு ஆயிரும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன டாக்டரா? நெஞ்சுப் படத்துல கீழதான் நுரையீரலோட அடி இருக்கும்னு எனக்கு யாராச்சும் சொன்னாங்களா?

போன வருசம் வைகாசி மாசம் தம்பி இருமுனப்ப ரத்தம் வந்துருச்சு. அன்னைக்கு நானே கார் புடிச்சுக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன். கோகிலா, தம்பி, நான், மூணு பேருதான். பெரிய ஆஸ்பத்திரி. அங்க டாக்டரு சின்ன வயசு. பழைய எக்ஸ்ரே இருந்தாக் குடுங்கன்னாரு. கோகிலா அந்தச் சிடியைப் பத்திரமா வெச்சிருந்தா, எடுத்துக் குடுத்தா. அவரு அதைக் கம்ப்யூட்டர்ல போட்டாரு. ஏனுங்க, நல்ல மானிட்டருங்க அது. நான் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல அதைத்தான் பாத்தேன், தொழில் புத்தி. மூலைக்கு மூலை ஒரே வெளிச்சம்.

டாக்டர் பேனாவை எடுத்து எடது பக்கம் கீழ வெச்சாரு. இருதயத்துக்குப் பின்னாடி, கீழ. புளியங்கொட்டை அளவு ஒண்ணு. "இது அப்பவே இருக்குதே. ஏழு மாசம் முந்தியே இருக்குது. இதை எப்படி விட்டாங்க?"ன்னாரு.

கோகிலா டாக்டரைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன். தம்பி என்னையப் பாத்தான்.

ஒரு தடவைதான் பாத்தான். அப்புறம் டாக்டர்கிட்டத் திரும்பி, "மருந்து சாப்பாட்டுக்கு முன்னாடிங்களா பின்னாடிங்களா"ன்னு கேட்டான். டாக்டரு இன்னும் மருந்தே எழுதலீங்க.

அட்மிட் பண்ணோம். ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ, கோகிலா கஞ்சி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தா. நானும் அவனும்தான். அவன் மேல ஃபேனைப் பாத்துட்டுப் படுத்திருந்தவன், மெதுவாக் கேட்டான். "அண்ணா, அந்த ட்யூப் வந்துதுங்களா?"

வந்துதுடான்னேன்.

"மாத்திட்டீங்களா?"

மாத்திட்டேன்னு சொன்னேன்.

"அப்பச் சரி"ன்னான்.

பொய்யிங்க. ட்யூப் டிராயர்லதான் கெடந்துது, பேப்பர்கூடப் பிரிக்கல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் கை பாக்காத டிராயரா அது? கோகிலா கஞ்சியோட வந்துட்டா, பேச்சு நின்னு போச்சு. மறுநாள் காலையில மொத பஸ்ஸைப் புடிச்சு ஈரோடு வந்து, சென்டருக்குப் போய், மானிட்டரைத் தூக்கிட்டு வந்து, அந்த ட்யூபை மாத்திக் குடுத்தேன். இருவத்தி ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் ஒரு ட்யூபைக் கையில ஒடைச்சேன். நல்ல வேளை, ரெண்டு செட்டு வாங்கி வெச்சிருந்தேன். ஆன் பண்ணிப் பாத்தா கீழயும் மேலயும் ஒண்ணு போல எரிஞ்சுது. அதைப் பாத்துட்டுக் கடையில உக்காந்து அழுதேங்க. ஷட்டரைப் பாதி எறக்கி விட்டுட்டு அழுதேன்.

ஆடிக் கடைசியில போயிட்டான். மூணு மாசம்கூட முழுசா இல்ல.

அவன் கோகிலாகிட்டச் சொல்லவே இல்லீங்க. ரெண்டு மாசம், ராத்திரி பகலா அவ கூடத்தான் இருந்தா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இப்படி எங்கண்ணன் மானிட்டரைக் கட்டி விட்டாரு, நான்தான் டார்ச்சு புடிச்சேன், நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன்"னு. சொல்லல. சொல்லியிருந்தா அவ கதவை மெதுவாவா சாத்துவா? ஊரைக் கூட்டியிருப்பா. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் கோயமுத்தூருக்குப் போக வேண்டாம்னு நான் சத்தம் போட்டது மட்டும்தான். அதுக்கே ஒரு வருசம் பேசல.

அதனாலதான் சொல்றேன், அவ கோவத்துல ஞாயம் இல்லைன்னு. சத்தம் போட்டதுக்கு இத்தனை தண்டனையா? பெரிய மனுசன் வீட்டுல நாலு வார்த்தை சத்தம் போடறதுதானுங்க. இல்ல, நீங்களே சொல்லுங்க.

மத்த எடமா? நல்லாக் கேட்டீங்க. கட்டி விட்டது ஒரு ஏழெட்டு இருக்கும். எல்லாம் சாதா எடம்ங்க. அரிசி மண்டி, ஒரு லாரி ஆபீஸ், ஒரு பத்திரம் எழுதறவரு. அங்கெல்லாம் கீழ கருக்கலா இருந்தா யாருக்கு என்ன நட்டம்? ஸ்கேன் சென்டர்னு பாத்தா அதுக்கப்புறம் இன்னொண்ணே ஒண்ணுதான். அதையும் மாத்திரோணும்னு ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது, எனக்கு முழங்கால் வலி. மொத தடவை டாக்டர் இருந்தாரு, படம் பாத்துட்டு இருக்கறப்ப எப்படித் தூக்கறது? ரெண்டாவது தடவை போனப்ப அங்க இருந்த புள்ள, "நாங்க கம்ப்ளெய்ன்ட் குடுக்கவே இல்லையே, எதுக்கு வந்தீங்க"ன்னு கேட்டுது. இந்த மானிட்டர்ல இன்ன மாதிரி இருக்குதுன்னு சொன்னா, எத்தனை நாளா இருக்குதுன்னு கேப்பாங்க. அத்தனை நாள்ல பாத்த படமெல்லாம் என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். அதோட இப்ப அந்த ட்யூபும் சரியா வர்றதில்ல, எல்லாம் வேற மாதிரி லைட்டுக்கு மாறிப்போச்சு. புது மானிட்டரு எப்படியும் வாங்குவாங்க. வாங்கற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன். போன தை மாசம் அது.

உங்க வீட்டம்மா கூப்பிடறாங்க பாருங்க. தண்ணி கேக்கறாங்க போல. குடுங்க, குடுங்க, பையை நான் புடிச்சுக்கறேன். கவரு மடங்குது, அதையும் குடுங்க, நான் வெச்சுக்கறேன்.

...

ஏனுங்க. உக்காருங்க. தண்ணி குடிச்சாங்களா?

இந்தக் கவரு. பச்சை எழுத்துல பேரு போட்டிருக்குதே. இங்கதான் எடுத்தீங்களா? மாடிங்களா? ரெண்டாவது மாடியா? படி ஏறறப்பவே அவங்களுக்கு மூச்சு வாங்கிருச்சா?

சரிங்க.

இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன் வேர்க்குதுன்னா, காத்தை அடைச்சு உக்காந்திருக்கறேன், அதான். எப்ப எடுத்தீங்க, நேத்தா? நேத்துச் சாயங்காலம் எடுத்து, இன்னைக்குக் கவரு வாங்குனீங்க. டாக்டர் எத்தனை மணிக்கு வந்தாரு? அவரு எவ்வளவு நேரம் பாத்தாரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, கதவைச் சாத்தியிருப்பாங்க.

இங்க பாருங்க, நல்லாக் கேட்டுக்கங்க. அடுத்தது ஊஞ்சலூரு. எறங்கிருங்க. கொடுமுடி வரைக்கும் வர வேண்டாம். எதிர்க்க நின்னா ஈரோட்டுக்குத் திரும்பற பஸ்ஸு வரும். ஈரோட்டுல நிக்காதீங்க, பஸ் மாறி அப்படியே கோயமுத்தூர் போயிருங்க. கவருக்குள்ள சிடி இருக்குதான்னு பாருங்க. இருக்குதா? இருக்குது. அது போதும். படம் அதுல முழுசா இருக்கும், அதுல ஒண்ணும் மாறாது. வேற டாக்டர்கிட்டக் குடுத்து, வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. கீழ பாக்கச் சொல்லுங்க. நெஞ்சுக்குக் கீழ, ரெண்டு பக்கமும், அடி வரைக்கும். நார்மல்னு போட்டிருக்குதேன்னு அவங்க சொன்னாலும், நீங்க கீழ பாருங்க சாமின்னு கையெடுத்துக் கும்புட்டுச் சொல்லுங்க.

ஒண்ணும் இருக்காதுங்க. எல்லாருக்குமா இருக்கும்? சளியாத்தான் இருக்கும், டானிக் குடிச்சாச் சரியாப் போயிரும். இருந்தாலும் போயிட்டு வந்துருங்க. யாரு வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. உங்க அண்ணன் சொன்னாலும் கேக்காதீங்க.

அம்மா, எழுந்திரிங்க, இங்கயே எறங்கறீங்க. உங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. கண்டக்டர்! ஊஞ்சலூர் ரெண்டு பேரு எறங்கறாங்க, நிறுத்துங்க, அவங்களுக்கு உடம்புக்கு முடியல.

பாத்து எறங்குங்க. பையை விட்டுறாதீங்க. அங்க யாராச்சும், கீழ பாக்கோணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, பஸ்ஸுல ஒருத்தன் சொன்னான்னு சொல்லுங்க. அது போதும். பேரு தெரியாதுன்னு சொல்லிருங்க.

ஏனுங்க, ஒரு நிமிசம். ஏறுனப்ப ஒரு கார்டு குடுத்தேன் பாருங்க. சட்டைப் பையிலதான் வெச்சீங்க. அதை மட்டும் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருங்க.